கொட்டிலில் எழும் நகை: யாழ்ப்பாணத்து வீட்டு விலங்குகளின் விளையாட்டும் நமது இலக்கிய நோக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரு கமக்காரர் வீட்டின் பின்வளவிலே மாலைவேளையில் நிகழும் ஒரு சிறு காட்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குதல் பொருந்தும். கட்டையிற் கட்டப்பட்ட எருது ஒன்று முன்னே கிடக்கும் வைக்கோலை மென்றுகொண்டு நிற்கின்றது. கட்டப்படாத ஆட்டுக்குட்டி ஒன்று அவ்விடத்துக்கு வருகின்றது. எருதின் கயிறு எட்டும் வட்டத்தின் விளிம்பை அது நன்கறியும். வட்டத்துக்கு வெளியே நின்று கழுத்தை நீட்டி ஒரு வாய் வைக்கோலை இழுத்தெடுக்கும். எருது தலையை அசைத்து வரும்போது நான்கு கால்களையும் ஒருங்கே தூக்கித் துள்ளி ஓடும். உடனே திரும்பி வரும். இழுத்த வைக்கோலை அது தின்பதுமில்லை. சற்று நேரத்தில் எருது படுத்துவிட, அதே குட்டி அதன் முதுகின்மேல் ஏறி நிற்கும். எருது அசைபோட்டபடியே இருக்கும். இதனைக் கண்ட சிறுவர் சிரிப்பர். ‘ஆட்டுக்குட்டி குழப்படி செய்யுது’ என்று ஆச்சி ஒருத்தி கூறுவாள்.

‘குழப்படி’ என்னும் சொல்லை ஆச்சி தன் பேரனுக்கும் ஆட்டுக்குட்டிக்கும் பொதுவாகவே வழங்குகிறாள். இப்பொதுமை நமது எழுத்திலக்கியத்தில் எத்துணை தூரம் இடம்பெற்றுள்ளது என்பதே நாம் எழுப்ப விரும்பும் வினா. நாள்தோறும் கண்முன்னே நிகழும் ஒரு செயல் இலக்கியத்தில் இடம்பெறாது போவதற்கும், இடம்பெறும்போது உருத்திரிந்து தோன்றுவதற்கும் காரணங்கள் உள்ளன. அவை பெரும்பாலும் சமூகக் காரணங்களே.

விலங்குகளின் செயலைக் ‘குறும்பு’ என்று பெயரிடுபவர் மனிதரே என்பதை முதலில் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஆட்டுக்குட்டியின் உள்ளத்தில் எருதை ஏய்க்கும் எண்ணம் இருந்ததென நாம் சாதிக்கப் புகவில்லை. எனினும் விலங்குகள் விளையாடுகின்றன என்பது ஐயத்துக்கு இடமற்ற செய்தி. நாய்க்குட்டிகளும் ஆட்டுக்குட்டிகளும் மனிதக் குழந்தைகளைப் போலவே கூடி விளையாடி மகிழ்வதை டார்வின் 1871இல் எழுதிய நூலிலே எடுத்துக்காட்டினார். கார்ள் குறூஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் விலங்குகளின் விளையாட்டைப் பற்றித் தனி நூலொன்றை 1896இல் வெளியிட்டார். மனிதர் வந்து கற்றுத்தரும்வரை விலங்குகள் விளையாடக் காத்திருக்கவில்லை என்ற கருத்துடனேயே ஹுய்சிங்கா 1938இல் தம் நூலைத் தொடங்கினார். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, மனிதக் குரங்கினங்கள் நான்கில், ஒன்றையொன்று சீண்டி விளையாடும் செயல்கள் பதினெட்டினை வகைப்படுத்திக் காட்டியுள்ளது.

இவ்வாய்வுகள் கூறும் செய்திகளுள் இலக்கிய மாணவருக்கு மிகவும் பயன்படுவன மூன்று. விளையாடும் விலங்கு, தான் செய்யப்போவது விளையாட்டே என்று முதலில் அறிவிக்கும். நாய் முன்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தி நிற்பது அத்தகைய அறிவிப்பாகும். அடுத்து, வலிய விலங்கு தன் வலிமையைத் தானே குறைத்துக்கொள்ளும். மூன்றாவது, இடம் மாறும்: துரத்தியது துரத்தப்படும், மேலே நின்றது கீழே விழும். இரு ஆட்டுக்குட்டிகள் பின்கால்களில் எழுந்து நின்று தலையோடு தலை மோதும்போது இம்மூன்றையும் நம் கொட்டிலிலேயே காணலாம். பெரிய குட்டி, சிறியது விழுந்துவிடாத அளவுக்கே மோதும். சிறியது விலகிப் போனால் மோதலை விட்டுவிடும். ‘தீங்கற்ற’ என்ற அடைமொழிக்கு இதைவிடத் திருத்தமான வரையறை வேண்டியதில்லை. இந்த அளவுகோலைக் கையிற்கொண்டே நாம் இலக்கியத்துள் புகுகிறோம்.

தமிழ் இலக்கணமரபு இவ்விடயத்திற் பெரிதும் துணைசெய்கின்றது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறும்: எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. உரையாசிரியராகிய பேராசிரியர் இவற்றைத் தன்னிடத்துத் தோன்றுவன, பிறரிடத்துத் தோன்றுவன என இருபாற்படுத்தி விளக்குவர். அதாவது தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் ஆகிய இரண்டுமே நகையாகும். நம் நோக்கில் இது மிக முதன்மையானது. எள்ளப்பட்டவனும் சிரிக்கும்போதுதான் எள்ளல் விளையாட்டாகின்றது; ஒருவன் மட்டும் சிரிப்பின் அது வேறொன்று. மேலும் அதே மெய்ப்பாட்டியல் விளையாட்டை நகையின்கீழ் வைக்காது உவகையின்கீழ் வைத்துள்ளது. செல்வம், புலனறிவு, புணர்ச்சி ஆகியவற்றோடு விளையாட்டும் உவகைக்குரிய நிலைக்களனாக எண்ணப்பட்டுள்ளது. விளையாட்டு மகிழ்ச்சியின் ஊற்றென்றும், சிரிப்பு அதனின்று வேறாக ஆராயத்தக்கதென்றும் அவ்வாசிரியர் கருதினார் போலும்.

மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களைப் பகுத்துக் கூறுமிடத்து ஆட்டுக்கு உரியதாக ‘மறி’ என்ற சொல்லைத் தருகின்றது. அச்சொல் மான் வகைக்கும் குதிரைக்கும் உரியதாகின்றது. யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கில் மறி என்பது இன்று பெண்ணாட்டையே குறிக்கும். துள்ளும் இளமையைக் குறித்த சொல், குட்டி ஈன்று பால் தரும் பயனைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியமை நமக்கு ஒரு தற்செயலாகத் தோன்றவில்லை. எனினும் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பெருமுடிபு கூறுதல் நம் ஆய்வுலகில் அடிக்கடி காணப்படும் பிழையாதலின் அதனை விடுத்து மேற்செல்வோம்.

சங்க இலக்கியத்தில் இளமை பற்றிய நகை குறைவின்றிக் கிடைக்கின்றது. குறுந்தொகையிற் கபிலர் பாடிய ஒரு செய்யுளில், பாறைமேல் மயில் ஈன்ற முட்டையை வெயிலிற் காயும் முசுவின் குட்டி உருட்டி விளையாடுகின்றது. முட்டை உடைந்ததா இல்லையா என்பதைப் பாட்டு கூறவில்லை. குட்டிக்கு முட்டை ஓர் உருண்டையான பொருள், அவ்வளவே. அதனைப் பார்க்கும் தலைவிக்கோ அது தன் நிலை. இது மலைநிலத்துக் காட்சி. கமத்து விலங்கின் காட்சிக்கு ஐங்குறுநூற்று மருதத்தைத்தான் நாடவேண்டும். அங்கே எருமைப் பத்தில், நீரிற் கிடந்தெழுந்த எருமையின் கொம்புகளிலே வெண்ணிறப் பகன்றைப் பூக்கள் சுற்றிக்கிடக்க, அதன் கன்றே தாயை வேறொன்றென எண்ணி வெருளுகின்றது. எருமை கன்றை வெருட்ட எண்ணவில்லை. பொய்கை செய்த பகிடி அது. கன்றின் அச்சம் அடுத்த கணத்திலேயே நீங்கிவிடும் என்பதைப் பாடுவோரும் கேட்போரும் அறிவர். ஆதலினால் அங்கே சிரிப்பு வருகின்றது. கன்றின்மேல் இகழ்ச்சி வருவதில்லை. வேளாண் விலங்கைக் கூர்ந்து நோக்கிய ஒருவர் பாடிய பாட்டு இது என்பதில் ஐயமில்லை. கம்பன் நாட்டுப்படலத்திலே கன்றை நினைந்து எருமை சொரிந்த பாலை அன்னக்குஞ்சு குடித்து உறங்குவதாகப் பாடும்போது, அதே மருதம் ஓரளவு பட்டாடை உடுத்தித் தோன்றுகின்றது. நமக்கு ஐங்குறுநூற்றுக் கன்றே மேலானதாகப் படுகின்றது.

இவ்விளமை நகை பிற்காலத்தில் எவ்வாறு மறைந்தது? விலங்குகள் பேசத் தொடங்கியபோது விளையாடுவதை நிறுத்திவிட்டன என்று சற்றே வேடிக்கையாகக் கூறலாம். தாண்டவராய முதலியார் 1826இல் சென்னையில் வெளியிட்ட பஞ்சதந்திர உரைநடை, தமிழ்ப் பள்ளிகளில் நெடுங்காலம் பயிலப்பட்டது. அந்நூலின் முதற்றந்திரத்தில் வரும் எருதை எண்ணிப் பார்க்கலாம். வணிகன் ஒருவனின் வண்டியை இழுத்து வந்து வழியிற் கால் முறிபட, கைவிடப்பட்டுக் காட்டிலே தேறிய எருது அது. அது சிங்கத்தின் நண்பனாகின்றது. நரி அவர்களிடையே கோள் மூட்ட, எருது கொல்லப்படுகின்றது. கமத்திலிருந்து கதைக்குள் வந்த ஒரு விலங்கு அங்கே அடைந்த கதி இது. அந்நூலில் ஒரு விலங்கு மற்றொன்றை ஏய்க்கும் இடங்கள் பல. ஆனால் ஏய்த்தலின் முடிவில் உயிரோ உணவோ பதவியோ பறிபோகின்றது. அரசியல் நூல் என்ற வகையில் அது சிறந்த நூலே. சிறுவர் நூலென அதனைப் பள்ளிக்கூடத்தில் வைத்ததன் விளைவாக, விலங்கின் குறும்பு என்றாலே வஞ்சகம் என்றும், சிரிக்கப்படுவது எப்போதும் ஏமாந்ததன் பேதைமை என்றும் கருதும் பழக்கம் வேரூன்றிற்று. நகையின் நான்கு நிலைக்களன்களுள் இளமை கழிந்தது. ஏனைய மூன்றும் எஞ்சின.

யாழ்ப்பாணத்தின் சிறப்பு நிலை இதனை மேலும் இறுக்கமாக்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிசனரிமாரும் ஆறுமுக நாவலரும் எதிரெதிரே நின்றனராயினும், சிறுவரின் வாசிப்பு ஒழுக்கப் போதனையாக அமைதல் வேண்டும் என்பதில் இருசாராரும் ஒருமித்திருந்தனர். நாவலரின் நான்காம் பாலபாடம் கொலை, புலாலுண்ணல், களவு, சூது முதலிய தலைப்புகளில் அமைந்தது. அதன் உரைநடைத் திட்பத்தை இங்கே குறைகூற வரவில்லை. அதன் தெளிவுக்கு ஈழத்து உரைநடை இன்றும் கடன்பட்டுள்ளது. ஆயின் அந்நெறியில் விலங்கு தோன்றுமிடமெல்லாம் அது கொல்லப்படாதிருக்கவேண்டிய உயிராகவோ உண்ணப்படாதிருக்கவேண்டிய ஊனாகவோதான் தோன்றும். துள்ளும் கன்று அங்கே வருவதற்கு வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேதான் ஒரு திருப்பம் ஏற்படுகின்றது. 1915இல் வெளிவந்த பாரதியின் பாப்பாப் பாட்டில் கோழி விளையாட்டுத் துணையாக வருகின்றது. எனினும் பசுவும் குதிரையும் பயன்தரும் விலங்குகளாகவே அறிமுகமாகின்றன. கவிமணி தேசிகவிநாயகம்பிள்ளையின் கன்றுக்குட்டி தோட்டத்தில் துள்ளிக் குதிக்கின்றது. தாயை முட்டிப் பால் குடிக்கின்றது. இப்பாட்டு ஈழத்துச் சிறுவருக்கும் மனப்பாடம். அதன் வெற்றிக்குக் காரணம் அது எதையும் போதியாமையே என்று கருத இடமுண்டு. ஈழத்தில் நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இவ்வழியிற் பெரும்பணி செய்தார். ‘தங்கத் தாத்தா’ என்று சிறுவர் அவரை அழைத்தமை அவர் பாட்டின் நெருக்கத்துக்குச் சான்று. அவரது ‘கத்தரி வெருளி’யை மட்டும் இங்கு நோக்குவோம். கத்தரித் தோட்டத்தின் நடுவே நிற்கும் வெருளியை ஒரு காவற்சேவகனாக விளித்து அப்பாட்டு செல்கின்றது. வெருளி என்பது பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் மனிதர் செய்யும் பகிடி. அது எவரையும் அடிப்பதில்லை. அச்சத்தை மட்டும் தருகின்றது. நாளடைவில் காகம் அதன் தலையிலேயே வந்து அமரும். அப்போது இடம் மாறிவிடுகின்றது, ஏய்த்தவரே ஏய்க்கப்படுகின்றார். அசைவற்ற பொம்மையை வீரனாகப் புகழும் புலவரின் குரலில் எள்ளல் உண்டு. அவ்வெள்ளலாற் புண்படுவோர் ஒருவருமில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டச்செய்கையை அறிந்த ஒருவராலன்றி இப்பாட்டைப் பாடியிருத்தல் இயலாது.

எனினும் சோமசுந்தரப் புலவரின் தோட்டத்திலும் உழைப்பவரைத் தேடித்தான் காணவேண்டும். இவ்விடத்தில் நாம் பள்ளுப் பிரபந்தங்களை நோக்கித் திரும்புதல் அவசியமாகின்றது. யாழ்ப்பாணத்திலே நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவரின் பறாளை விநாயகர் பள்ளும், ஆசிரியர் பெயர் தெரியாத கதிரைமலைப் பள்ளும் நன்கறியப்பட்டவை. மாட்டுவகைகளை நிறத்தாலும் கொம்பாலும் சுழியாலும் பெயர்சொல்லி அடுக்குவது பள்ளிலக்கியத்தின் மரபு. விலங்கைப் பற்றிய நுண்ணறிவு இத்துணை செறிந்த இலக்கியவகை தமிழில் வேறில்லை எனலாம். அப்பிரபந்த அமைப்பிலே ஏர்பூட்டும் வேளையில் மாடு பள்ளனை முட்டி வீழ்த்துவதும் ஒரு வழக்கமான உறுப்பாகும். அவன் விழுந்து கிடக்க மனைவியர் புலம்புவர். பின்னர் அவன் எழுந்து உழவைத் தொடர்வான். அவையில் இருந்து கேட்டோர் இவ்விடத்திற் சிரித்திருப்பர். பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டித் தண்டிக்கும் இடத்திலும் அவர்கள் சிரித்திருப்பர். இருசக்களத்தியர் ஏசலும் இவையும் சேர்ந்தே பள்ளின் நகைச்சுவையாகும்.

நாம் முன்னர் வகுத்த அளவுகோலை இங்கே இட்டுப் பார்ப்போம். மாடு பள்ளனை முட்டுகின்றது. பள்ளன் மாட்டின் உடைமையாளனல்லன். மாடும் அவனும் ஒரே பண்ணைக்கு உரியர். விளையாட்டின் அறிவிப்பு இங்கில்லை. இடமாற்றமும் இல்லை: பள்ளன் பண்ணைக்காரனைத் தொழுவில் மாட்டும் பள்ளு எழுதப்படவில்லை. வேலி பாயும் மாட்டின் கழுத்திற் கட்டை கட்டுவதும், ஆண்டைக்கு அடங்காதவனின் காலை மரத்தில் மாட்டுவதும் ஒரே கருவியின் இருவேறு பயன்பாடுகள். ஆகவே பள்ளில் வரும் மாட்டுக்குறும்பு, அதனைப் பார்த்துச் சிரிக்கும் இடத்தில் இருந்தவர்க்கே குறும்பு. முட்டுப்பட்டவனின் பக்கத்திலிருந்து எவரும் அதனைப் பாடவில்லை. பள்ளை மக்கள் இலக்கியம் என்று வாழ்த்தும் முற்போக்கு விமரிசகர் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டும். மக்களைப் பொருளாகக் கொண்ட இலக்கியமெல்லாம் மக்கள் சிரித்த இலக்கியம் ஆகிவிடாது.

நமது முற்போக்கு விமரிசனம் விளையாட்டைப் புறக்கணித்ததற்கு ஒரு கோட்பாட்டுக் காரணமும் உண்டு. உழைப்பே கலையின் தோற்றுவாய் என்ற கொள்கையை நாம் பிளெக்கனோவ் முதலியோரிடமிருந்து பெற்றோம். முகவரியற்ற கடிதங்களில் அவர் கார்ள் குறூஸின் நூலையே எடுத்து ஆராய்ந்து, விளையாட்டு உழைப்புக்கு முற்பட்டது என்ற கருத்தை மறுத்தார். ஆயின் அவர் கூறியதன் ஒருபாதியை மட்டுமே நாம் நினைவிற்கொண்டோம். சமூகத்தின் நோக்கில் உழைப்பு முந்தியது. தனியொருவரின் வாழ்வில் விளையாட்டு முந்தியது என்பதே அவர் செய்த வேறுபாடு. பெரியோர் உழைக்கும் உலகிலே பிறந்து, அவ்வுழைப்புக்குள் புகுமுன் குழந்தை விளையாடுகின்றது. யாழ்ப்பாணத்து நாம்பன் கன்றின் வாழ்வும் இத்தகையதே. மூக்குக் குத்திக் கயிறு கோக்கும் வரையிலும், நலமடித்து நுகத்திற் பூட்டும் வரையிலும் அது துள்ளுகின்றது. அதற்குப்பின் அது துள்ளினால் ‘குழப்படி மாடு’ எனப்பட்டு அடி வாங்கும். வண்டிச்சவாரித் திடலில் அதன் ஓட்டத்தைப் பலர் கூடிக் களிப்பர். அங்கே விளையாடுவோர் மனிதர். மாட்டுக்கு அதுவும் உழைப்பே. கன்றின் விளையாட்டை ஆராய்வது உழைப்பை மறப்பதாகாது. எந்த வயதில், யார் கையால், எக்கருவி கொண்டு விளையாட்டு முடித்துவைக்கப்படுகின்றது என்று கேட்டால் உழைப்பின் வரலாறே வெளிவரும். கூலிவேலைக்குச் சென்ற பெற்றோரின் பிள்ளை ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போயிற்று. அப்பிள்ளையும் நாம்பனும் ஏறத்தாழ ஒரே பருவத்தில் நுகத்துக்கு வந்தனர்.

‘கட்டாக்காலி’ என்ற சொல்லையும் இங்கு கருதுதல் தகும். கட்டப்படாத கால்நடையைக் குறிக்கும் இச்சொல் நம்மவர் வாயில் வசையாகவே வழங்குகின்றது. வேலியும் கதியாலும் காணித் துண்டமும் நெருங்கிய ஒரு குடாநாட்டில், மற்றொருவர் வளவில் புகுந்த ஆடு பயிரழிவாகவும் வழக்காகவும் முடிந்தது. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச்சட்டம் இதற்குச் சட்டவடிவம் தந்தது. ஆட்டுக்குட்டிக்கோ வேலிப்பொட்டு என்பது தலையை நுழைத்துப் பார்க்கத்தக்க ஓர் ஓட்டை. ஒரே செயல் வேலியின் ஒருபுறம் விளையாட்டும் மறுபுறம் குற்றமுமாகின்றது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது மாடுகளையும் ஆடுகளையும் அவிழ்த்துவிட்டுச் சென்றனர். அன்றிலிருந்து அவிழ்த்துவிடுதல் என்ற செயலின் பொருளே மாறிற்று. கட்டவிழ்ந்த ஆட்டைக் கண்டு சிரித்த கண்களுக்கு அதன்பின் அக்காட்சி வேறு நினைவுகளையும் தந்திருக்கும். போர்க்கால எழுத்தை ஆராய்வோர் இதனைக் கருத்திற்கொள்வது நன்று.

இனி, பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் ஏட்டில் எழுதும் நாம் தவிர்க்கவியலாத ஒரு விடயம் உண்டு. நாம் இதுகாறும் பயன்படுத்திய ‘பகிடி’ என்ற சொல் வளாகத்தினுள் வந்ததும் ‘வதை’ என்ற பின்னொட்டைப் பெற்றுவிடுகின்றது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் இலங்கையில் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டது. சட்டம் இருந்தும் அது தொடர்வதற்கு அதனைக் காக்கும் ஒரு மொழிவழக்கு துணைநிற்கின்றது. இது தீங்கற்ற விளையாட்டு, பழகுவதற்கான வழி, உயர்வுதாழ்வை நீக்கும் சமத்துவப் பயிற்சி என்றெல்லாம் கூறப்படும். இறுதியாகக் கூறியதை முற்போக்குச் சொற்களாலேயே கூறுவோரும் நம்மிடையே உளர்.

கொட்டிலிற் கற்ற அளவுகோல் இவ்விடத்திற் பொய்ப்பதில்லை. பெரிய குட்டி தன் வலிமையைக் குறைத்துக்கொண்டது. இங்கோ மூத்தவர் தம் எண்ணிக்கையையும் இருட்டையும் வலிமையாகச் சேர்த்துக்கொள்கின்றனர். சிறிய குட்டி விலகியதும் மோதல் நின்றது; இங்கே விலகுதல் குற்றம். துரத்தியது துரத்தப்பட்டது, இங்கே முதலாம் வருட மாணவர் இரண்டாம் வருட மாணவரை ஒருநாளும் பகிடி செய்தல் இயலாது. ‘அடுத்த ஆண்டு நீங்களும் செய்யலாம்’ என்ற வாக்குறுதி இடமாற்றமன்று. தன்மேல் ஏற்றப்பட்ட சுமையை வேறொருவர்மேல் இறக்குதல் அது. சாதியமைப்பின் ஏணியும் இவ்வாறே இயங்குகின்றது. பேராசிரியர் கூறிய இருவகை எள்ளலுள் இங்கே ஒன்று மட்டுமே உண்டு. எள்ளப்பட்டவர் சிரிப்பதாகத் தோன்றின் அது சிரிக்குமாறு பணிக்கப்பட்ட சிரிப்பு. பள்ளனை மாடு முட்டும்போது எழுந்த நகைக்கும் இதற்கும் உள்ள உறவு நெருங்கியது. இலக்கியத்தில் அந்நகையை ஆராயாது ‘சுவை’ என்று மட்டும் கற்பித்த வகுப்பறைக்கும் இதில் ஒரு சிறுபங்கு உண்டெனக் கருதுகிறோம். நாமும் அவ்வாறு கற்பித்தோரே.

இடமாற்றம் உண்மையாக நிகழ்ந்த இடமொன்று யாழ்ப்பாணத்திலேயே இருந்தது. அது சிறுவர் அரங்கு. 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘கூடி விளையாடு பாப்பா’வும், சி. மௌனகுருவின் ‘தப்பி வந்த தாடி ஆடு’ம் பாடசாலைச் சிறுவரின் உடலிலே விலங்குகளை ஏற்றின. பின்னதன் தலைப்பிலேயே கட்டவிழ்ந்த ஒரு விலங்கு நிற்கின்றது. இந்நாடகங்களின் எழுத்துப் பிரதிகளை மட்டும் வாசிப்போர் அவற்றிலும் அறம் தேடுவர், கிடைக்கவும் செய்யும். ஆனால் சிறுவர் அரங்கின் உயிர் ஒத்திகையில் உள்ளது. இன்று ஆடாக வந்த பிள்ளை நாளை சிங்கமாக வந்து பார்க்கும். ஓர் ஒத்திகையில் துரத்திய பிள்ளை மறு ஒத்திகையில் துரத்தப்படும். பஞ்சதந்திரத்து எருது புத்தகத்தில் ஒருமுறை செத்தால் செத்ததுதான். அரங்கிலே அது எழுந்து, சிங்கமாக நடித்த தோழனோடு தேநீர் குடிக்கப் போகும். போர் சூழ்ந்த 1980களில் பெரியோரின் அரங்கு துன்பத்தைப் பேசிக்கொண்டிருந்தபோது, சிறுவர் அரங்கு இதனைச் செய்தமை போதிய கவனிப்பைப் பெறவில்லை. நம் விமரிசகர் பலர் அதனைக் கல்விசார் முயற்சி என்ற தலைப்பின்கீழ் ஒதுக்கி, ‘தீவிர’ நாடகங்களுக்கே பக்கங்களை வழங்கினர். அவ்வொதுக்கலுக்கு அழகியற் காரணம் எதுவும் கூறப்பட்டதாக நாம் அறியோம்.

ஆய்வுமாணவர் உடனடியாக மேற்கொள்ளத்தக்க ஒரு பணியைக் குறிப்பிடலாம். ஆடு, மாடு, கோழி ஆகியவற்றின் விளையாட்டைக் குறிக்க யாழ்ப்பாணத்துப் பேச்சில் வழங்கும் சொற்களும் அவற்றை அதட்டவும் அழைக்கவும் பயன்படும் ஒலிகளும் ஊருக்கு ஊர் வேறுபடுவன. வடமராட்சியில் ஒன்றும் தீவகத்தில் வேறொன்றுமாக வழங்குவன உள. சமுனாபாரி ஆடு வளர்த்த வீடுகளில் அவ்வாட்டின் நீண்ட காதைக் குட்டிகள் பற்றியிழுப்பதற்கென்றே ஒரு பேச்சு இருந்திருக்கக் கூடும். காலையில் ஆட்டை அவிழ்த்து மாற்றிக் கட்டும் பெண்களிடமும், பிறர் வளவில் மாடு பார்த்துக் கூலிபெற்ற முதியோரிடமும் சென்று இவற்றைக் கேட்டெழுதுதல் வேண்டும். மாடு முட்டிய கதையையும் அவர்களிடமே கேட்கலாம். முட்டுப்பட்டவர் அதனை எவ்வாறு சொல்கின்றார், எவ்விடத்திற் சிரிக்கின்றார், எவ்விடத்திற் சிரிக்காது விடுகின்றார் என்பதைக் குறித்துக்கொண்டு வந்தபின் பள்ளுப் பாடத்தை மீண்டும் திறக்கலாம்.